நான் பார்க்காத பேப்பர்

எழுபதுகளின் நடுவில் பாகூர் கொம்யூனில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியாராக இருந்தேன். பதினோராம் வகுப்பு முடித்தால் எஸ்.எஸ்.எல்.சி. என்று இருந்த காலம். அந்த வருஷங்களில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. பாடப்புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, அச்சடித்த காகிதம் எது கையில் கிடைத்தாலும் வகுப்புக்கு எடுத்துவந்து பிள்ளைகளிடம் கொடுப்பேன். சினிமா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக அழைப்பு, எலெக்‌ஷன் துண்டுச்சீட்டு எல்லாம் வரும். படித்து ஒப்பிப்பதற்கு இல்லை, குறுக்கு விசாரணை செய்வதற்கு. இதை யார் அச்சடித்தார்கள், யார் படிக்க வேண்டும் என்று அச்சடித்தார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள், இதைச் சரிபார்க்க வேறு எங்கே போவது. இந்தக் கேள்விகளை எல்லோரும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாதவன் வெளியே நிற்க வேண்டும்.

தலைமையாசிரியருக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை. "சார், மௌரியர் எப்ப வருவாங்க? அரைப் பரீட்சையே வந்துடும் போலக்கீதே" என்பார். "வந்துடுவாங்க சார், வழியில கீறாங்க" என்பேன். அவர் சிரிக்க மாட்டார். எனக்கு அப்போது முப்பது வயது. வாய்த்துடுக்கு அதிகம். எனக்குத் தெரிந்தது கொம்யூனில் வேறு யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு அதைவிட அதிகம்.

நான் முதலில் வகுப்புக்குக் கொண்டுபோனது ஒரு பழைய நோட்டீஸ். பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரியில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் தம் பெட்டியைச் சுத்தம் செய்தபோது எனக்குக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்துக்குக் கொம்யூன் என்று பெயர், அதன் அலுவலகத்தை வயதானவர்கள் அப்போதும் மேரி என்றுதான் சொல்வார்கள். மேல் பாதி பிரெஞ்சு, கீழ்ப் பாதி தமிழ். ஏரிக்கரையில் மாடு மேய்க்கக் கூடாது, மீறினால் அபராதம் என்று போட்டிருந்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"அந்தக் காலத்துல ஏரிக்கரைல யாரும் மாடு மேய்க்கல சார்" என்றான் ஒருவன். வகுப்பே தலையை ஆட்டியது. சட்டம் போட்டு, அச்சடித்து, முத்திரையும் குத்தியாகிவிட்டது, பிறகு யார் மேய்க்கப் போகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு எரிச்சல் வந்தது. சாக்பீசை மேசையில் போட்டுவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். "நெறைய பேரு மேய்ச்சிருக்காங்க சார்."

"எத வச்சிச் சொல்ற?"

"மேய்க்காதவங்களப் பாத்து மேய்க்காதன்னு யாரு சார் மெனக்கெட்டு அச்சடிப்பாங்க?"

ட்ரெயினிங் காலேஜில் ஒரு வருஷம் உட்கார்ந்து எனக்கு அரைகுறையாகப் புரிந்த சங்கதி, ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் நடந்து வரும் பெண்ணுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. "ம், உக்காரு" என்று மட்டும் சொன்னேன். பாராட்டினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று நம்பிய வாத்தியார் நான். அன்றைக்கு அவளைப் பாராட்டியிருக்க வேண்டும். கடைசிவரை நான் அவளை வாய்விட்டுப் பாராட்டவே இல்லை.

அன்றிலிருந்து நான் பாடம் நடத்தியது அவளுக்காகத்தான். மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் கடைத்தெருவுக்கு இரண்டு பேப்பர்கள் வரும். ஒன்று டீக்கடைக்கு, ஒன்று சலூனுக்கு. டீக்கடையில் என் கட்சிக்காரர்கள் உட்காருவார்கள், சலூனில் எதிர்க்கட்சிக்காரர்கள். சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவனுக்குக் கட்சி கூடாது என்பார்கள். ஆனால் எனக்கு எந்தக் கட்சி என்பது தெருவில் மேயும் ஆட்டுக்குக்கூடத் தெரியும். கொடிக்கம்பம் நடுவதில் ஒருமுறை தகராறு வந்தபோது சலூன்காரருக்கும் எனக்கும் வாய்ச்சண்டை முற்றிவிட்டது. "இனிமே ஒன் கடைப்படி ஏறினா நான் வாத்தியாரே இல்ல" என்று நடுத்தெருவில் கத்திவிட்டு வந்தேன். அதன் பிறகு முடிவெட்ட வேண்டுமென்றால் பஸ் ஏறி பாகூருக்குப் போவேன். சலூன்காரர் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவருடைய மகன் என் வகுப்பில்தான் படித்தான். எனக்கு இரண்டு பேப்பரும் வகுப்புக்கு வேண்டும் என்று தெரிந்து, பழைய பேப்பர்களை மடித்து மகனிடம் கொடுத்தனுப்புவார். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொள்வேன்.

வில்லியனூரில் ஒரு பொதுக்கூட்டம் நடந்தது. அடுத்த வாரம் இரண்டு பேப்பர்களையும் மேசைமேல் விரித்தேன். ஒன்று கூட்டம் அலைமோதியது என்றது, இன்னொன்று மைதானம் காலியாகக் கிடந்தது என்றது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து கூச்சல் போட்டது. யார் வீட்டில் எந்தக் கட்சி என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துபோயிற்று. அவள் மட்டும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், கூட்டம் மழையால பாதியில நின்னுடிச்சின்னு ரெண்டுலயும் கீது. அது ஒண்ணுலதான் ரெண்டு பேரும் ஒத்துப்போறாங்க. அத மட்டும் நோட்ல எழுதிக்கலாமா?"

"எழுதிக்க" என்றேன். பிறகு வகுப்பைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினேன். "ஒரே ஒரு பேப்பரப் பாத்துட்டு முடிவு சொல்றவன் எவனும் என் கிளாஸ்ல உக்காரக் கூடாது." அந்தக் காலத்தில் என் குரல் பக்கத்து வகுப்புக்கும் கேட்கும்.

அவளுக்குக் கணக்கு வராது. மற்ற பாடங்களில் முதல் மூன்று பேருக்குள் இருப்பாள். கணக்கில் மட்டும் தட்டுத் தடுமாறித்தான் தேறுவாள், சில பரீட்சைகளில் தேறவும் மாட்டாள். பெரிய பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவள் அப்பா என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம், வசதிக்குக் குறைவில்லை. போனதும் கரும்புச்சாறு கொடுத்து உட்கார வைத்தார்.

"சார், நேராவே கேக்கறேன். தேறுவாளா?"

"தேறுவா. கணக்குதான் கொஞ்சம் இடிக்குது. பாத்துக்கலாம்."

"வில்லியனூர்லேர்ந்து ஒரு எடம் வந்துருக்குது சார். பெரிய கடைக்காரங்க. பையனும் நல்ல பையன். இவ இன்னாடான்னா காலேஜுக்குப் போறேன், உங்கள மாதிரி சரித்திரம் படிக்கறேன்னு ஒரே புடியா நிக்கிறா. ரெண்டு நாளு சோறு துன்னல. சரின்னு ஒரு வார்த்த குடுத்துட்டேன். பாஸ் பண்ணிட்டா டவுனுக்கு அனுப்பி பி.யூ.சி. சேத்துடறேன். பெயிலாயிட்டா ஆனிலயே கல்யாணம். வந்த எடத்த வுட மாட்டேன். நீங்களே சொல்லுங்க, ஞாயந்தான சார்?"

நியாயம்தான் என்றேன். அந்தக் காலத்தில் பெண்ணைப் பெற்றவர்களில் இந்த அளவுக்கு வார்த்தை கொடுத்தவர்கள் எத்தனை பேர்? அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது, "கணக்க நான் பாத்துக்கறேன் சார்" என்றாள். பார்த்துக்கொள்ளவும் செய்தாள். கணக்கு வாத்தியாரை விட்டேனா? சாயங்காலம் சாயங்காலம் அவரைப் பள்ளியிலேயே பிடித்து நிறுத்தி, அவளும் இன்னும் நான்கு பெண்களும் உட்கார்ந்து போட்டுப் பார்க்கும்படி செய்தேன். பரீட்சை முடிந்து வந்தபோது, "ஒரு மாதிரிதான் சார். ஆனா தேறிடுவேன்னு தோணுது" என்று சொன்னாள்.

ரிசல்ட் வைகாசிக் கடைசியில் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கவில்லை. அப்போதெல்லாம் ரிசல்ட் என்றால் பேப்பர்தான். தேறியவர்களின் நம்பர் மட்டும் சென்டர் வாரியாக வரும். இடம் போதாது என்று முதல் நம்பரை முழுசாகப் போட்டுவிட்டு, அடுத்தடுத்த நம்பர்களுக்குக் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் போட்டுக்கொண்டே போவார்கள். நம்பர் இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் இல்லை. அதற்கு மேல் யாரையும் கேட்க முடியாது, கேட்க வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றாது.

லீவு விடும் முன்பே என் வகுப்பில் எல்லோருடைய நம்பரையும் வாங்கி டைரியில் குறித்திருந்தேன். அவள் பெயர் வரிசையில் கடைசியில் வரும். எங்கள் பள்ளியின் கடைசி நம்பர் அவளுடையது, எங்கள் சென்டருக்கும் அதுதான் கடைசி.

முதல் பஸ்ஸில் பேப்பர் வந்தது. டீக்கடையில் எனக்குப் பெஞ்சில் இடம் விட்டார்கள். பேப்பரை மடியில் விரித்து, டைரியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக டிக் செய்துகொண்டு வந்தேன். சலூன்காரர் மகன் பாஸ். ஏரிக்கரையில் யாரும் மாடு மேய்க்கவில்லை என்று சொன்னவன்கூடப் பாஸ். நான் எதிர்பார்த்த ஐந்தாறு பேர் இல்லை. கடைசிக்கு வந்தேன். அவளுக்கு முந்தின நம்பர் இருந்தது. அதோடு சரி. அடுத்த வரியில் வேறு ஊர் சென்டர் ஆரம்பித்துவிட்டது.

மறுபடியும் பார்த்தேன். டீக்கடைக்காரர், "இன்னா சார், யாருது இல்ல?" என்றார். நான் விரலை வைத்து முதலிலிருந்து பார்த்தேன். நான்கு தடவை பார்த்தேன். பிறகு, கணக்கு கவிழ்த்துவிட்டது என்று முடிவு செய்தேன். காரணம் என்னிடம் முன்கூட்டியே தயாராக இருந்தது, அதனால் சந்தேகம் வரவே இல்லை.

டீக்கடைக்கும் சலூனுக்கும் நடுவே ஒரு சைக்கிள் கடையும் உரக்கடையும்தான். சலூனிலும் ஒரு கும்பல் இன்னொரு பேப்பரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. சலூன்காரர் கையில் கத்தரிக்கோலோடு தெருவுக்கே வந்து, "சார்! நம்ம புள்ள பாசு சார்! ஒரு வாட்டி உள்ள வந்துட்டுப் போங்க சார், மிட்டாய் எடுத்துக்கோங்க" என்று கூப்பிட்டார். நான் இருந்த இடத்திலிருந்தே கையை உயர்த்திக் காட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

அந்தப் பேப்பரையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியதா? இந்தக் கேள்வியை எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். தோன்றவில்லை என்று சொன்னால் பாதி பொய். சைக்கிளில் ஏறும்போது ஒரு கணம் சலூன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நடுத்தெருவில் நின்று சபதம் போட்டவன் ஒரு மிட்டாய்க்காகப் படியேறினான் என்று டீக்கடையில் சிரிப்பார்களே என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே பெடலை மிதித்துவிட்டேன்.

அவள் வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் வருவதைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். என் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"உன் நம்பர் இல்லம்மா."

அப்படியே நின்றாள். காகம் ஒன்று நெல்லில் வந்து இறங்கியது, அதைக்கூட விரட்டவில்லை. "நல்லாப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டாள்.

எனக்கு எங்கிருந்து அப்படிக் கோபம் வந்ததோ. வருத்தம்தான் என்னிடம் கோபமாக மாறி வந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது. அன்று அவளுக்குக் கேட்டது என் கோபம் மட்டும்தான். "நாலு வாட்டி பாத்தேன். எனக்குப் பாக்கத் தெரியாதா? படிக்கற காலத்துல கணக்க வுட்டுட்டு இப்ப வந்து நல்லாப் பாத்தீங்களான்னு கேட்டா?" என்றேன்.

அவள் "சரி சார்" என்று உள்ளே போனாள்.

அவள் அப்பா கரும்புத் தோட்டத்திலிருந்து வந்தார். அக்டோபரில் மறுபடியும் கணக்கு மட்டும் எழுதலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "வேணாம் சார். பேச்சுன்னா பேச்சுதான். அவளும் ஒத்துக்கினுதான் எழுதப் போனா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்காகவும் சேர்த்து வருத்தப்படுகிறவர் போலத் தோளைத் தட்டி அனுப்பினார். ஆடி வந்துவிட்டால் முகூர்த்தம் கிடையாது. அதனால் எல்லாம் வேகவேகமாக நடந்தது.

பத்திரிகை கொடுக்க அவரே வந்தார். மஞ்சள் தடவிய பத்திரிகை. மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் பி.யூ.சி. என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது. அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் பெண் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தால் மறக்காமல் போடுவார்கள், அது ஒரு பெருமை. என் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்தப் பத்திரிகையைக் கொடுத்து, இதில் சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். உண்மையில் அவள்மேல் கோபமாக இருந்தேன். என் மானத்தை வாங்கிவிட்டாள் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒருநாள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்கள் கட்டாக வந்து சேர்ந்தன. அந்தக் காலத்தில் மார்க் எல்லாம் ஒரு சின்னப் புத்தகத்தில் பதிந்து வரும். தலைமையாசிரியர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு ஒரு புத்தகத்தை நீட்டினார்.

"ஒங்க ஏரிக்கரைப் பொண்ணுக்குக் கல்யாணமாமே? பாஸ் பண்ணிட்டு ஏன் சார் இந்த அவசரம்? காலேஜுக்குப் போவும்னுல்ல நெனச்சேன்."

நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். கணக்கில் தேறுவதற்கு வேண்டியதைவிட நான்கு மார்க் அதிகம். என் பாடத்தில் பள்ளியிலேயே அவள்தான் முதல். பெயரைப் பார்த்தேன், நம்பரைப் பார்த்தேன், போட்டோவைப் பார்த்தேன். அவளேதான். தலைமையாசிரியர் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். நான் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

நேராகச் சலூனுக்குப் போனேன். படியேறினேன். சலூன்காரர் யாருக்கோ சவரம் செய்துகொண்டிருந்தவர் கத்தியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"வாங்க சார், வாங்க. இன்னா சார், திடீர்னு?"

"ரிசல்ட் வந்த பேப்பர் கீதா?"

"எங்க போவப் போவுது? இதோ பாருங்க." சுவரைக் காட்டினார். கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்தப் பக்கத்தையே பசை தடவி ஒட்டி வைத்திருந்தார். மகனுடைய நம்பரைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். "எங்க வம்சத்துல மொத எஸ்.எஸ்.எல்.சி. சார். அதான் வர்றவங்க எல்லாம் பாக்கட்டும்னு ஒட்டினேன்."

சிவப்பு வட்டத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்தேன். எங்கள் சென்டரின் கடைசி வரியில் ஒரே ஒரு நம்பர் தனியாக நின்றது. அவள் நம்பர். டீக்கடைப் பேப்பரில் அந்த ஒற்றை வரிதான் அச்சுக் கோக்கும்போது விழுந்துபோயிருந்தது. மூன்று வாரமாக அது இந்தச் சுவரில் இருந்திருக்கிறது. நான் தினமும் இந்தக் கடையைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர், "இன்னா சார், மயக்கமா?" என்றார். சலூன்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

புத்தகத்தை வாங்கிக்கொள்ள அவளே கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. தலைமையாசிரியரிடம் புத்தகத்தையும் ரெஜிஸ்டரையும் கேட்டு வாங்கிக்கொண்டு மறுநாள் வில்லியனூருக்குப் போனேன். தேரடித் தெருவில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அவளுடைய மாமனார் கல்லாவிலிருந்து எழுந்து வந்து மரியாதையாக உட்கார வைத்தார். விஷயத்தைச் சொன்னேன். தப்பு நடந்துவிட்டது, பெண் தேறியிருக்கிறாள், காலேஜில் இன்னும் இடம் இருக்கிறது, நீங்கள் மனது வைத்தால் நானே கூட்டிப்போய்ச் சேர்த்துவிடுகிறேன் என்றேன். கையைக் கூப்பித்தான் கேட்டேன்.

"சந்தோஷம் சார். பாஸ் பண்ணிட்டான்னா எங்களுக்கும் பெருமதான். ஆனா இனிமே படிச்சி இன்னா பண்ணப் போறா? வூட்ல பெரியவங்களுக்கு ஒடம்பு சரியில்ல, ஆளு வேணும். தப்பா நெனைக்காதீங்க. காபி குடிங்க" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவ்வளவு பணிவாகச் சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

அவள் காபி கொண்டுவந்தாள். புதுத் தாலிக்கயிறு மஞ்சளாக இருந்தது. புத்தகத்தை வாங்கி நின்றபடியே ஒவ்வொரு பாடமாகப் பார்த்தாள். கணக்கில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள். மாமனார் கடைக்கு யாரோ வந்துவிட்டார்கள் என்று முன்பக்கம் போனார். அப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"எந்தப் பேப்பர்ல சார் பாத்தீங்க?"

"டீக்கடைக்கு வர்றதுல."

"இன்னொண்ணு?"

"பாக்கலம்மா."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மன்னித்துவிடு என்று ஒரு வாத்தியார் ஒரு மாணவியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே சொன்னேன். அவள் பதறிப்போய், "ஐயோ, வேணாம் சார்" என்றாள். பிறகு புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு அன்னிக்கே தோணிச்சி சார். சலூனுக்கு அந்தப் பேப்பர் வரும், ஒரு நட போய்ப் பாத்துட்டு வந்துடலாம்னு செருப்பக்கூட மாட்டிக்கினேன். அப்புறம், சார் நாலு வாட்டி பாத்தேன்னு சொன்னாரே, அதுக்கு மேல நான் போய்ப் பாத்தா சார நம்பாத மாதிரி ஆயிடும்னு வுட்டுட்டேன்."

உள்ளேயிருந்து அவளை யாரோ கூப்பிட்டார்கள். "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் வகுப்பில் அவள் பார்த்ததும் நம்பிவிட்ட காகிதம் எதுவும் கிடையாது. எதைக் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்து, இன்னொன்றோடு வைத்துப் பார்த்து, அதன் பிறகுதான் நோட்டில் எழுதுவாள். அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன், என்னையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர. காபி ஆறிக்கொண்டிருந்தது. குடிக்காமல் எழுந்தால் அந்த வீட்டில் அவளுக்குச் சங்கடமாகும் என்று முழுவதும் குடித்துவிட்டு வந்தேன்.